வாய் அடைத்த மனு

காலையில் அடையாற்றுப் பாலத்தில் நின்றேன். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆறு கடலில் சேருமிடத்தில் பத்துப் பேர் மண்வெட்டியோடு மணல்திட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நீ இருந்தபோது ஒருத்தனும் வரவில்லையே.

உலக யுத்தம் முடிந்த வருஷம், சைதாப்பேட்டைக் கோர்ட்டு வாசலில் மனு எழுதும் என்னிடம் ஈர வலையோடு வந்தாய். "ரைட்டரே, வாய் அடைச்சிகினு கீது. உள்ள எல்லாம் அழுவுது. சாவறதுக்குள்ள வந்து பாக்கச் சொல்லி எழுது" என்றாய். உங்கள் குப்பத்தில் முகத்துவாரத்துக்கு வாய் என்றுதான் பெயர். நான் உன் பேச்சை அப்படியே எழுதினேன். 'ஆற்றின்' என்று ஒரு சொல் சேர்க்கத் தோன்றவில்லை, இந்த மடையனுக்கு.

சர்க்கார் ஆபீசிலிருந்து பதில் வந்தது: மனுதாரர் வாய் நோய்க்கு ஆஸ்பத்திரிக்குப் போகவும்.

நீ சிரித்தாய். "ஆத்த எப்பிடி ரைட்டரே தூக்கினு போறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு என்னுடையதுதான். ஆனால் ஒரு மனுஷன் வாய் அழுகிச் சாகிறான் என்று நம்பியவர்களுக்குக்கூட எட்டிப் பார்க்கத் தோன்றவில்லையே. திருத்தி எழுதிய மனுவோடு அந்த ஆபீசுக்கு ஓடினேன். "அதுக்குப் பதில் போயாச்சு, ஃபைலை மூடியாச்சு" என்றார் குமாஸ்தா, தலைகூட நிமிராமல்.

அதற்குள் உப்பங்கழி கறுத்துவிட்டது. கடல் தண்ணீர் ஏறவில்லை. ஊர்ச் சாக்கடை மட்டும் தவறாமல் வந்தது. உன் துடுப்பைக் குத்தினால் பாதிக்குமேல் சேற்றில் இறங்கியது. மடவை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. "என் புள்ளைங்க சோறு இதுல தான கீது" என்று நீயே மண்வெட்டியைத் தூக்கினாய். மூன்று நாள் அந்தச் சாக்கடையில் இடுப்பளவு நின்று வெட்டினாய். நாலாம் நாள் மணல் திரும்பவும் மூடிக்கொண்டது. உனக்குப் பேதி கண்டது. அவர்கள் எழுதியபடியே ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

இன்று மேஸ்திரியிடம் கேட்டேன், இப்போது மட்டும் எப்படி வந்தீர்கள் என்று. "கரையோர பங்களா அம்மாவுக்கு நாத்தம் தாங்கலியாம் சார். முந்தாநேத்து லெட்டர் போட்டாங்க."

அவர்கள் மூக்குக்கு இரண்டே நாள்.

அந்தப் பதில் காகிதம் இன்னும் என் பையில் இருக்கிறது. இப்போதெல்லாம் யார் வந்து எதைச் சொன்னாலும், எது, யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொடுகிறேன். வந்தவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும். உன்னிடம் கேட்காமல் விட்டேனே.