தாய்ச்செடியின் தொணதொணப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஒன்பதாம் வகுப்பு அறிவியல் தாள் திருத்தினேன். விதைகள் தாய்ச்செடியை விட்டுத் தொலைவில் போய் விழுவது ஏன் என்பது கேள்வி. கடைசி பெஞ்சு வாயாடி ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "பக்கத்திலேயே முளைத்தால் தாய்ச்செடி 'தண்ணி குடிச்சியா, ஏன் வளைஞ்சு நிக்கிற' என்று நாள் முழுக்கத் தொணதொணக்கும். அதனால் விதை காற்றில் ஏறித் தப்பித்துவிடுகிறது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு முட்டை போட்டேன். தாளைக் கொடுத்ததும் சண்டைக்கு வந்துவிட்டாள்.

"அப்ப சரியான பதில் என்ன சார்?"

"தள்ளிப் போனாத்தான் வெளிச்சம், தண்ணி, இடம் எல்லாம் போட்டியில்லாம கிடைக்கும்."

"கிடைச்சா விதைக்கு நல்லா இருக்குமா சார்?"

"அது பாடத்துல இல்ல. உட்காரு," என்றேன்.

என் அறையில் ஜன்னல் நிறைய வெளிச்சம். குழாயில் எந்நேரமும் தண்ணீர். கட்டில்கூட இரண்டு, ஒன்று காலி. ஒரு குறையும் இல்லை அம்மா.

போனில் மட்டும் 'உனக்கு வேலை இருக்கும்' என்று சட்டென்று வைத்துவிடாதே. தண்ணீர் குடித்தேனா என்று கேள்.

மணி அடித்துவிட்டது. அந்த முட்டையை அடித்துவிட்டு முழு மார்க் போட்டுக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
காற்றில் ஏறிய உன் மகன்