மிதித்த மண்

இயேசு மரி சூசை துணை

பலெர்மோ,
19.10.1997

அன்புள்ள றம்யாவின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்களை மடு மாதாவிடம் ஒப்படைத்திருக்கிறேன். அங்கே வடக்கே ரெஜியோவில் குளிர் தொடங்கியிருக்கும். பச்சைக் கம்பளிச் சட்டையைப் பார்சலில் போட்டிருக்கிறேன். உங்கள் பெர்மெஸ்ஸோ விசாக் கடதாசி மார்கழியில் முடிகிறது. புதுப்பிக்க நீங்களே நேரில் இங்கத்தைய குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்கு வரவேண்டுமாம்.

போன கிழமை, நான் வேலைக்குப் போகிற லிபெர்த்தா வீதிச் சின்யோராவின் வீட்டில் உடுப்பு அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். மோர்மோன் சபையைச் சேர்ந்த இரண்டு அமெரிக்கப் பெடியன்கள் வேதம் சொல்ல வந்தார்கள். பேச ஆளில்லாத சின்யோரா தேசிக்காய்த் தண்ணி கொடுத்து இருத்திவிட்டார். நானும் கேட்டேன், எங்கட பாதருக்குச் சொல்லிவிடாதேங்கோ. அவர்களுடைய முன்னோர், நூற்றைம்பது வருடத்துக்கு முன், வண்டி கட்டி மேற்கே போனார்களாம். வழியில் ஒரு சின்னப்பிள்ளை காய்ச்சலில் செத்துப்போனது. புதைத்த கையோடு தகப்பனே தன் வண்டியைக் குழியின் மேல் ஓட்டினாராம். இவனெல்லாம் ஒரு மனுசனா என்று சின்யோரா சிலுவை அடையாளம் போட்டார். இல்லை அம்மா, ஓநாய் தோண்டாமல் இருக்கத்தான் மண்ணை இறுக்கினார் என்றான் ஒரு பெடியன்.

சின்யோராவின் வெள்ளைச் சட்டை என் கையில் கருகிவிட்டது.

நாங்கள் இத்தாலிக்கு வந்த வழியில், அந்த எல்லைக் காட்டில், பனிக்குள், கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் நடவுங்கோ நடவுங்கோ என்று கத்த, நீங்கள் எங்கட மூத்தவள் அகஸ்ரீனாவின் மேல் மண்ணைத் தள்ளிச் சப்பாத்துக் காலால் மிதித்தீர்கள். திரும்பத் திரும்ப மிதித்தீர்கள். ஏனென்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. அன்று தூரத்தில் ஏதோ ஊளையிட்டது. ஓநாயோ நாயோ தெரியாது. இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் அது என் காதில் விழுகிறது. விழுந்தது நிற்கவும் இல்லை.

இங்கே வந்த பிறகு படியில் உங்கள் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே என் உடம்பு நடுங்கும். அதைக் கண்டு நீங்கள் கீழேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கள்ளனைப் போல வீட்டுக்குள் வரப் பழகினீர்கள். பிறகு வடக்கே வேலை என்று போய்விட்டீர்கள்.

கார்த்திகை இரண்டாம் திகதி, மரித்த ஆத்துமாக்களின் நாளில், செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள் என்பது இந்த ஊர்ப் பேச்சு. அக்காவுக்கு எங்கட வீடு தெரியுமோ என்று றம்யா கேட்கிறாள். மூத்தவளைப் பற்றி நான் அவளுக்குச் சொன்னதேயில்லை. நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். அப்பாவுக்குத்தான் வழி தெரியும் என்றேன்.

பெர்மெஸ்ஸோவுக்காக அல்ல, அந்த நாளுக்கு முன்னரே வாங்கோ. சப்பாத்தைக் கீழே கழற்றவேண்டாம். நாலு மாடியும் சத்தம் கேட்க ஏறி வாங்கோ.

இப்படிக்கு,
அகஸ்ரீனாவின் அம்மா
விமலராணி