பக்கத்து நாற்காலி

மார்ச் 4
காலை பத்தரைக்கு இறந்துபோனேன். கடையில் ஏணி மேல் நின்று பெரிய அண்டாவை இறக்கப் பார்த்தேன். அதற்கு முன்னால் நானே இறங்கிவிட்டேன். சட்டைப்பையில் இருந்த இந்த நாட்குறிப்பும் கூடவே வந்துவிட்டது.

மேலுலகம் பயந்த அளவுக்கு இல்லை. நீளக் கூடம், வரிசையாக நாற்காலிகள், ஆளுக்கொரு எண் சீட்டு. குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார். ஆள் மாறிப்போச்சாம். எனக்கு இன்னும் பதினெட்டு வருடம் பாக்கி இருக்கிறதாம், உடம்பை ஆஸ்பத்திரியில் மெஷின் போட்டு வைத்திருக்கிறார்களாம், திரும்பிப் போகலாமாம்.

முப்பது வருடம் பாத்திரம் விற்றவன், முதலில் சொன்னதற்கே தலையாட்டுவேனா? யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து நடந்தேன். பின்னால் கூப்பிட்டு நாலு வருடம் கூட்டித் தருவார் என்று நினைப்பு. கூப்பிடவில்லை. ஆனால் கடைசி வரிசையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் போய் ஏழு வருடம் ஆகிறது.

“வந்துட்டீங்களா? கடையை யாரு பாத்துக்கறாங்க?”

தம்பி இருக்கிறான் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

மார்ச் 5
அவள் கையில் மறுபிறவிக்கான படிவம். ‘துணை யார்’ என்ற கட்டம் காலி. என் பெயரை எழுது என்றேன், உரிமையோடு.

“ஏழேழு பிறவின்னு சொல்றவங்க சொல்லட்டும். எனக்கு ஒண்ணுலயே வயிறு நெறஞ்சிடுச்சு.”

அவள் எண்ணைக் கூப்பிடுவதற்குள் மனதை மாற்றியாக வேண்டும். இன்னொருத்தன் துணையாக இவளை நினைத்தால், நின்றுபோன நெஞ்சும் அடைக்கிறது.

மார்ச் 6
சரக்கை எடுத்துச் சொன்னேன். குடி இல்லை, கெட்ட சகவாசம் இல்லை, சொன்ன சொல் தவறியதில்லை.

சிரித்தாள். குக்கர் விற்கும்போதும் இப்படித்தான் பேசுவேனாம்: ஓட்டை இல்லை, கறை பிடிக்காது, காலத்துக்கும் உழைக்கும்.

மார்ச் 7
பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்திருக்கிறாள். நான் நிற்கிறேன்.

மார்ச் 8
குமாஸ்தா தேடி வந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கைவிடப் போகிறாராம். போவதென்றால் இப்போதே.

“போங்க, கடை காத்துக்கிட்டிருக்கும்” என்றாள். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் எங்கூடச் சும்மா உக்காந்திருக்கீங்களா?”

இல்லை. அப்பவே கேட்டிருக்கலாமே — சே, அவ கேக்காமலா இருந்தா? வாடிக்கையாளர் பேசினால்தானே எனக்குக் காது கேட்கும்.

குமாஸ்தாவிடம், அந்தப் பதினெட்டு வருடத்தையும் இந்தக் கூடத்திலேயே கழித்துக்கொள்கிறேன் என்றேன். இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லையாம். விதியில் தடையும் இல்லையாம். எழுதிக்கொண்டு போனார்.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள்.

“ஒரே ஒரு நாள் உக்காந்து பாக்கலாம்.”

ஒரு வாரமாவது கொடு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். சரி என்றேன். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் 19
கல்யாணமான புதிதில் மாடி வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாய்க்காகப் போட்ட சண்டையை இன்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது நான் கடையில் இருந்திருப்பேன். எனக்குத் தெரியவே தெரியாது. பாதியில் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். இன்னொரு தரமும் கூப்பிட்டார்கள். குமாஸ்தா எட்டிப் பார்த்தார். உன் எண்தான் என்று மெதுவாகச் சொன்னேன்.

“தெரியும். நடுவுல பேசாதீங்க. நான் குடத்தை எடுத்தேனா…”