பதினொரு சென்டிமீட்டர்

டாலிகஞ்ச், கொல்கத்தா
18 ஆகஸ்ட் 2002

அன்புள்ள லிங்கம்,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் கோமதியும் சுகம் என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். வருஷத்துக்கு ஒரு பிறந்த நாள் வாழ்த்தைத் தவிர நீயாக எழுதும் வழக்கமில்லை. வத்சலாவுக்கு மூட்டுவலி. அனன்யா எட்டாம் வகுப்பு. நான் தமிழில் திட்டினால் பெங்காலியில் பதில் சொல்கிறாள்.

போன வாரம் கேயாகாலித் தீவுக்குப் போயிருந்தேன். நம் நீர்மட்டக் கம்பம் நிற்கும் கரை உடையப்போகிறது. கம்பத்தைப் பின்னால் தள்ளி நட வேண்டும். பிடுங்குவதற்கு முன் பள்ளிக்கூடச் சுவரில் பதித்த உயரக் குறியிலிருந்து லெவல் எடுத்துப் பார்த்தேன். கம்பத்தின் பூஜ்யம், இருக்க வேண்டிய இடத்தைவிடப் பதினொரு சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. மூன்று தடவை எடுத்தேன். இன்னொரு குறியோடும் ஒத்துப்பார்த்தேன். அதே பதினொன்று.

உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூஜ்யம் உயர்ந்தால் அளவு குறைந்துதான் தெரியும். எண்பத்தெட்டுப் புயலுக்கு முந்தைய வருஷங்களையும் பிந்தைய வருஷங்களையும் ரிஜிஸ்தரில் பக்கத்தில் வைத்தால் கடல் அசையவே இல்லை. உண்மையில் அது ஏறியிருக்கிறது. தொண்ணூற்றாறில், எந்தத் தீவு மக்களுக்கு வேறிடத்தில் நிலம் கொடுக்கலாம் என்று அரசாங்கம் பட்டியல் போட்டபோது, நம் ஆபீஸைக் கேட்டார்கள். ‘நீர்மட்டத்தில் மாற்றமில்லை, வழக்கமான கரையரிப்பு’ என்று பதில் எழுதியவன் நான். கேயாகாலியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கம்பத்தில் தினமும் அளவு படிக்கும் நிதாய் மண்டலை உனக்கு நினைவிருக்கும். அவன் அப்போதே என்னிடம் சொன்னான், தண்ணீர் ஏறுகிறது பாபு என்று. கம்பம் அப்படிச் சொல்லவில்லையே என்று நான் சிரித்தேன். இந்தத் தடவை அவன் வீட்டு வாசலில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டான்: “உங்க கம்பம் பொய் சொல்லுதா பாபு, இல்ல என் கால் பொய் சொல்லுதா?”

புயலில் பழைய கம்பம் போய், புதியதை நட்டு லெவல் எடுத்தது டிசம்பர் 14. அது என் முறை. அன்றைக்குத்தான் வத்சலாவுக்கு வலி எடுத்தது. “ஏலே, நீ ஆஸ்பத்திரிக்குப் போ, கம்பத்த நான் பாத்துக்கிடுதேன்” என்று நீ லாஞ்சில் ஏறினாய். சாயங்காலம் சேறு காயாத கால்சட்டையோடு வந்து படுத்து ரத்தமும் கொடுத்தாய். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்துப் பிறந்த அனன்யாவின் தாய் பிழைத்தது அந்த ரத்தத்தால். அதை நான் மறந்தவனில்லை.

எங்கோ கூட்டலில் பிசகியிருக்கும். யாருக்கும் நடப்பதுதான். அன்றைய களப் புத்தகத்தை நீ எடுத்துப்போனதாக ஞாபகம். அந்தப் பக்கம் கிடைத்தால் பிசகு எங்கே என்று காட்டி, ரிஜிஸ்தரைத் திருத்திவிடலாம். புதுப் பட்டியல் போடும் கமிட்டி மார்ச்சில் கூடுகிறது. தேடி அனுப்பு.

அன்புடன்,
கிரிதர்

*

தூத்துக்குடி
22 செப்டம்பர் 2002

அன்புள்ள கிரி,

கடிதம் கிடைத்தது. கோமதிக்கு உன் எழுத்தைப் பார்த்ததும் கொல்கத்தாவில் நாம் தங்கியிருந்த கிதர்பூர் அறையில் நீ வைத்த ரசம் ஞாபகம் வந்துவிட்டது. அந்த ரசத்தைக் குடித்தும் நாம் உயிரோடிருக்கிறோம் என்றாள். மகன் பிரவீணுக்குப் பெண் பார்க்கிறோம். எனக்கு வருகிற மே மாதம் ஓய்வு. இங்கே பையன்கள் இப்போதே மாலை, சால்வை, போட்டோ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ‘சார் எடுத்த லெவலில் மில்லிமீட்டர் தப்பாது’ என்று வாழ்த்து அட்டை வேறு அடிக்கப்போகிறார்களாம்.

களப் புத்தகம் கேட்டிருந்தாய். வீடு மாறியதில் ஒரு பெட்டியைக் கரையான் அரித்துவிட்டது. அதில் போயிருக்கும். குறி பதித்த சுவரே இறங்கியிருக்கலாம், அந்தச் சேற்று மண்ணை நம்ப முடியாது. போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. கருவாடு அனுப்பட்டுமா?

உன்,
லிங்கம்

*

டாலிகஞ்ச்
10 நவம்பர் 2002

அன்புள்ள லிங்கம்,

கருவாடு வேண்டாம். வத்சலா வீட்டைவிட்டுத் துரத்துவாள்.

சுவர் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் இன்னொரு குறியிலிருந்து எடுத்ததும் அதே பதினொன்றைக் காட்டியிருக்காது. இது உனக்குத் தெரியாததா? தெரிந்தே எழுதினாய் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மறுபடி கேயாகாலி போய்வந்தேன். நாம் முதலில் போனபோது கம்பத்துக்கும் ஊருக்கும் நடுவில் எவ்வளவு நெல்வயல் இருந்தது, ஞாபகமிருக்கிறதா? கரையை மூன்று தடவை பின்வாங்கிக் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கரைக்கு வெளியே ஒரு தெருவை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். தென்னைகள் தலையில்லாமல் தண்ணீரில் நிற்கின்றன. வடக்கு முனையில் கரை உடைந்து, யாரும் திரும்பக் கட்டாத ஓர் இடத்தில் மட்டும் கேவ்ரா என்கிற அலையாத்தி மரங்கள் உள்ளே ஏறி வந்து முளைத்திருக்கின்றன. வயல் இருந்த சேற்றில் இப்போது வேர்கள் குத்திட்டு நிற்கின்றன. அங்கே மட்டும்தான் மண் நிற்கிறது. நிதாய் சொன்னான், காட்டுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் அது நகர்ந்து பிழைத்துக்கொள்கிறது, பாபு. எங்களுக்குத்தான் பின்னால் இடம் இல்லை என்று. பன்னிரண்டு பிகா நிலத்தில் அவனுக்கு மிச்சம் இரண்டு. அதிலும் உப்பு. அவனுடைய மகள் இங்கே கொல்கத்தாவில், கரியாஹாட்டில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அனன்யாவைவிட ஒரு வயது பெரியவள்.

முந்நூறு குடும்பத்தில் எழுபதுதான் தீவில் இருக்கின்றன. கமிட்டிக்காரர்களிடம் இப்போது எடுத்த லெவலைக் காட்டினேன். கம்பம் நேற்றுக்கூட நகர்ந்திருக்கலாமே, ஆரம்பத்திலேயே தப்பு என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

புத்தகம் கரையானில் போகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நீ கிழிந்த பஸ் டிக்கெட்டைக்கூட வைத்திருப்பவன்.

கிரி

*

தூத்துக்குடி
1 டிசம்பர் 2002

கிரிதருக்கு,

முப்பது வருஷ சர்வீஸில் என்னை ஒருவரும் இப்படிக் குறுக்கு விசாரணை செய்ததில்லை. லெவல் எடுத்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவ்வளவுதான். அது யாருடைய வேலை என்று நீயே யோசித்துப்பார். இனி இதைப் பற்றி எழுதாதே.

சிவலிங்கம்

*

டாலிகஞ்ச்
14 டிசம்பர் 2002

அன்புள்ள லிங்கம்,

இன்று அனன்யாவுக்குப் பதினான்கு. வருஷா வருஷம் இந்தத் தேதியில் உன் வாழ்த்து வரும். இன்று தபால்காரர் வந்துபோன பிறகும் அவள் வாசலில் நின்றிருந்தாள்.

நீ சொன்னபடி யோசித்துப்பார்த்தேன். அது என் வேலைதான். அன்று நான் போயிருக்க வேண்டும். நீ என்ன செய்தாயோ எனக்குத் தெரியாது, செய்தது எனக்காக. உன் பெயரைக் கெடுக்க எனக்கு மனமில்லை. தினமும் நிதாய் அந்தக் கம்பத்தைப் பார்த்து எண் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. கமிட்டி கூடுவது மார்ச் 10. இதற்குமேல் உன்னைக் கேட்க மாட்டேன்.

கிரி

*

தூத்துக்குடி
16 பிப்ரவரி 2003

அன்புள்ள கிரி,

புத்தகத்தை இத்துடன் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கரையான் அரிக்கவில்லை. பீரோவில்தான் இருந்தது.

டிசம்பர் 14 பக்கத்தைப் பார். லெவல் எண்கள் இருக்காது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தச்சன் கம்பத்தை நட்டு முடித்திருந்தான், பழைய கம்பத்தின் கறையைக் கண்ணால் பார்த்து. பள்ளிக்கூடச் சுவரைச் சேறு மூடியிருந்தது. தோண்டி எடுத்து லெவல் வைக்க நாலு மணி நேரமாகும். மண்வெட்டியை எடுத்தபோது லாஞ்சில் வயர்லெஸ் செய்தி வந்தது. அதை அப்படியே அந்தப் பக்கத்தில் எழுதினேன். வேறு காகிதம் கையில் இல்லை.

மறுபடி போய் எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். லாஞ்சை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆபீஸில் லெவல் தாளைக் கேட்டார்கள். பழைய பூஜ்யத்தையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு அங்குலம் முன்னே பின்னே இருந்தால் என்ன, கப்பலா தட்டிவிடும் என்று நினைத்தேன். மனிதர்கள் இருப்பது எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை, கிரி. ரத்தம் கொடுக்க வந்ததற்கு நான் வருந்தவில்லை, இன்னொரு முறையானாலும் வருவேன். ஆனால் ஒரு மாதம் கழித்தாவது திரும்பிப் போயிருக்கலாம். பதினான்கு வருஷம் இருந்தது.

என் கைப்பட ஒரு வாக்குமூலமும் வைத்திருக்கிறேன். இங்கே ஆபீஸிலும் சொல்லிவிட்டேன். விசாரணை வருமாம். சால்வைப் பேச்சு நின்றுவிட்டது.

இரண்டு விஷயம். அனன்யாவுக்கு இது தெரிய வேண்டாம். அவள் பிறந்த நாள் அவளுக்கு நல்ல நாளாகவே இருக்கட்டும். இரண்டாவது, பதில் போடாதே. உன் எழுத்தைப் பார்க்கிற தைரியம் இப்போது எனக்கு இல்லை.

லிங்கம்

*

டாலிகஞ்ச்
20 ஏப்ரல் 2003

அன்புள்ள லிங்கம்,

பதில் போடாதே என்றாய். புத்தகம் வந்து சேர்ந்ததற்கு ரசீது என்று இதை வைத்துக்கொள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். மேலே தேதி. லெவல் எண்களுக்கான கட்டங்கள் காலி. அவற்றின் குறுக்கே பென்சிலில்: ‘கிரிக்குப் பெண். வத்சலாவுக்கு ரத்தம் வேண்டும். திரும்புகிறோம்.’ வத்சலா அதைப் படித்துவிட்டு நெடுநேரம் சமையலறையிலேயே இருந்தாள். அனன்யாவிடம் சொல்லவில்லை. உனக்குக் கொடுத்த வார்த்தையாக அது இருக்கும்.

புத்தகத்தைக் கமிட்டியிடம் கொடுத்தேன். போக வேண்டியவன் நான் என்றும், தொண்ணூற்றாறில் தீவுக்காரன் சொன்னதைக் கேட்காமல் பதில் எழுதியவன் நான் என்றும் என் பங்குக்கு ஒரு தாளைச் சேர்த்தேன். எனக்கும் விசாரணை உண்டு. ரிஜிஸ்தர் திருத்தப்பட்டது. எழுபது குடும்பங்களுக்கு நிலம் தருகிறார்கள். முன்பே போய்விட்டவர்களுக்கு எதுவும் இல்லை.

நேற்று கம்பத்தைப் பிடுங்கினோம். நிதாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

“அந்தப் பொண்ணு நல்லா இருக்கா?”

நன்றாக இருக்கிறாள் என்றேன். தலையசைத்தான். பிறகு கம்பத்தின் ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை நான் பிடித்தேன். படகுவரை தூக்கிக்கொண்டு நடந்தோம்.

உன்,
கிரி