அளக்காத நாளுக்கும் ஓர் இடம்

உன் பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்த வெள்ளைத் துணி என் தறிக்கட்டையில் கிடக்கிறது. "ராத்தா, எங்கட வீட்டு வளவுக்கும் கடல் வாறத்தத் தைச்சுத் தாங்க. நீங்க நல்லாத் தைப்பீங்கெண்டு மௌத்தாகின ராத்தா சொன்னாவே" என்றாள். செத்துப்போன நீதான் அந்த ராத்தா. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

உனக்கு எழுத வராது. நீ சமைக்கிற குசினிச் சுவரிலிருந்து அலை ஏறும் இடம் வரை கயிறு பிடித்து அளந்து, அதை என்னிடம் கொண்டுவருவாய். நான் துணியில் முந்தின புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி தைப்பேன். தரை குறையக் குறையப் புள்ளி கீழே இறங்கும். அரசாங்கக் கந்தோரில் காட்டினால் அலையை மறிக்கக் கரைக்குக் கல் போடுவார்கள் என்று நம்பினாய்.

"ஒரு நாளைக்கு ஒரு நெல்லிடம், புள்ள, ஒரு நெல்லுட அகலம். நான் அளக்காத நாளுக்கும் இடம் உடு" என்றாய்.

ஓம் என்றேன். செய்யவில்லை. வெயில் காலத்தில் நீ எப்போதாவதுதான் அளந்தாய். இடம் விட்டால் நான் நெய்யும் சாறன் துணியில் இழை அறுந்தது போலத் தெரிந்தது. நெய்கிறவள் கண்ணுக்கு அது பொறுக்குமா? புள்ளிகளைக் கிட்டக் கிட்டச் சேர்த்தேன். மாரியில் பயந்துபோய்க் காலையும் மாலையும் கயிறோடு ஓடிவந்தாய். அதற்கும் அதே இடைவெளிதான். ஒரே கிழமையில், ஏழே நாளில், கடல் தின்ற தரை, துணியில் வெயில் காலத்துப் பல மாதம் போல நீண்டு மெதுவாகச் சரிந்தது.

"சாறன் கரை மாதிரி வடிவா இரிக்கி கா!" என்று சிரித்தாய்.

கந்தோர்க்காரர் விரித்துப் பார்த்தார். "மெல்ல மெல்லத்தானே வருது. பொறுத்துப் பார்ப்பம்" என்றார். அடுத்த மாரியில் உன் குசினி போனது, பிறகு வீடு. மகள் வீட்டில் ஒரு மூலையில்தான் நீ மௌத்தானாய். அல்லாஹ் உன் கப்றை விசாலமாக்குவானாக.

நீ வீட்டை விட்டுச் சட்டி பானையை வண்டியில் ஏற்றிய அன்று, "நீ சொன்ன மாதிரி இடம் விடல்ல நான்" என்று வாய் திறந்தேன். நீ முடிக்க விடவில்லை. "உன்ட கை நல்ல கை. கடலுக்குத்தான் கண்ணில்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். விளங்கித்தான் சொன்னாயா? இன்றுவரை தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். துணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். "அப்ப இந்த முற இடம் உட்டுத் தைங்க" என்றாள்.

மகனுக்குக் காய்ச்சலாம், நாலு நாளாக அவள் கயிறு கொண்டுவரவில்லை. துணியில் நாலு நெல்லிடம் வெறுமையாகக் கிடக்கிறது. என் ஊசி இன்னும் அதை மூடத்தான் பார்க்கிறது. வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.