தம்பியின் குளத்தில் வரால்

மேட மாசம் 28
விடியலில் மழை. எத்தனை மாசத்துக்குப் பிறகு! வயிற்றுவலி, வேலைக்கு வரமுடியாது என்று தாலுகா கச்சேரிக்கு ஆள் அனுப்பினேன். குடைக்கம்பி ஒன்று ஒடிந்துபோச்சு.

விளையில் என் பங்கு நிலத்தைப் பார்க்கப் போனேன். வறட்சியில் சும்மா இருக்கவில்லை நான். புதர் வெட்டி, சருகு கூட்டி எரித்து, என் குளத்துச் சேறு முழுக்க வாரி, எல்லாம் துப்புரவு. இன்றைய மழையில் மேல்மண் சிவப்பாக ஓடிப்போச்சு.

வரப்புக்கு அப்பால் தம்பி நீலனுக்க பங்கு. ஒன்றும் செய்யாதவன். சீட்டு, தூக்கம். அங்கே சருகுக்கு அடியில் தண்ணீர் கலங்காமல் இறங்குகிறது.

இடவ மாசம் 7
வெயில். அவன் பக்கம் புல் கணுக்காலை மூடுகிறது. என் பக்கம் கட்டாந்தரை. என் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு அங்கே நிற்கிறது. மனைவி பகவதி, "மாட்டுக்குத் தெரியுது பாத்தியளா?" மத்தியானம் சோறு இறங்கவில்லை.

இடவம் 9
நீலன் ஓடி வந்தான். "அண்ணா, எனக்க குளத்துல வரால்! சேத்துக்குள்ள கெடந்து பொழச்சிருக்காக்கும்!"

நாங்கள் தின்னாத மீன். ஆனாலும் நெஞ்சு எரிகிறது. பாக்கு வாங்க மறந்தேன்.

இடவம் 10
தூறல். நீலன் சந்தைக்குப் போனான். மம்மட்டி எடுத்து வரப்பை வெட்டினேன். அவன் குளம் என் குளத்தில் வடியட்டும். பாதி வெட்டியிருப்பேன்; பின்னால் நீலன், அதற்குள் சந்தையிலிருந்து திரும்பிவிட்டான்.

"என்ன செய்யுதிய, அண்ணா?"

"நண்டு வளை அடைக்கேன்."

வெட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "தண்ணி வேணுமெண்ணா கேக்கப்பிடாதா? இஞ்ச வெட்டினா எனக்க குளம் மொத்தமும் போயிரும். மேல வெட்டுவோம். வழியுத தண்ணி வரட்டு."

என் கையிலிருந்து மம்மட்டியை வாங்கி அவனே வெட்டினான். ஊரைக் கூட்டி என்னை ஏசியிருக்கலாம். அது இதைவிடத் தேவலாம்.

இடவம் 20
விடாத மழை. என் குளத்தில் இடுப்பளவு தண்ணீர். கேட்காமலே கூடை கூடையாகச் சருகு கொண்டுவந்து என் சரிவில் பரப்பிவிட்டான் நீலன். அதற்குள் பச்சை தலைகாட்டுகிறது. பகவதி போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "கொழுந்தனுக்க மனசு யாருக்கு உண்டு?"

சாயங்காலம் என் குளத்தில் தவளைச் சத்தம். அவள் வாசலுக்கு ஓடினாள். "கேட்டியளா? நம்ம குளம் பொழச்சிட்டு!"

நம்ம குளமாம். கத்துகிறது முழுக்க நீலனுக்க தவளை.