இணைப்பு ஒன்று: கதவு

ஜூலை 3, திங்கள்
பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பதால், பள்ளித் தேவைக் கணக்கெடுப்பு இந்த ஆண்டும் என் தலைமேல்தான். சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு, நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தோடு திக்விஜயம் கிளம்பினேன். அறுபது வீடுகள், ஆயிரத்தெட்டு நாய்கள். வென்றேன்.

ஜூலை 4
அக்கா மகள் சுண்டெலிக்கு நீர்க்கடுப்பு. காலையில் நிரப்பிக்கொடுத்த தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்புகிறதாம்.
"ஏண்டி குடிக்கல?"
"குடிச்சா பாத்ரூம் போகணும் மாமா. கதவுல தாழ்ப்பாள் இல்ல. ரெண்டு பேர் வெளிய நின்னு புடிச்சுக்கணும். பெல் அடிச்சா விட்டுட்டு ஓடிடுவாளுங்க."
அக்கா தீர்ப்பு சொல்லிவிட்டாள்: "அது சரியாகுற வரைக்கும் இவள அனுப்பமாட்டேன்."
போன ஆண்டுப் படிவத்தின் நகலைத் தேடி எடுத்தேன். கேள்வி 17: மாணவியர் கழிப்பறை? 'உண்டு.' என் கையெழுத்து! ஆண்பிள்ளை உள்ளே போகக்கூடாதென்று வெளிச்சுவரைப் பார்த்து எழுதிய மகாமேதை நான்.

ஜூலை 5
அதே அறுபது வீடுகள். இம்முறை பெண்பிள்ளைகளையே கேட்டேன். முப்பத்தொரு பேர். பள்ளியில் ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை.

ஜூலை 6
மாலையில் பள்ளி விட்டதும் தாழ்ப்பாளோடு போனேன். கதவு நிலை முழுக்கக் கரையான். திருகாணி மாவில் இறங்குவதுபோல் இறங்கியது, அப்படியே வெளியே வந்தது.

ஜூலை 7
வட்டாரக் கல்வி அலுவலகம். அதிகாரி கோப்பைப் புரட்டினார்.
"உண்டுன்னு இருக்கே. நீங்கதான போட்டீங்க?"
"நான்தான். தப்பாப் போட்டேன்."
"தாழ்ப்பாளுக்குக் கட்டமே இல்லையே. ஸ்மார்ட் போர்டு கேளுங்க, அதுக்குக் கட்டம் இருக்கு. போட்டதத் திருத்தணும்னா ஆதாரம் வேணும்."
ஆதாரமா? ஆதாரம் கேட்கிறாரா என்னிடம்? கேட்டுட்டாரில்ல — இருக்கட்டும்!

ஜூலை 8, சனி
பள்ளிக்கு விடுமுறை; கணக்கெடுப்பு முடியும்வரை அலுவலகத்துக்கு இல்லை. கதவைக் கழற்றினேன். ஓடிவந்தார் தலைமையாசிரியை.
"ஐயா, இது அரசாங்கச் சொத்து!"
"அதான் டீச்சர், சொந்தக்காரங்ககிட்டயே ஒப்படைக்கப்போறேன்."
நிலையிலிருந்து உதிர்ந்த கரையான் மண்ணைப் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபக்கம் பிடித்தார்.
சைக்கிளில் கதவு, பின்னால் அக்காவும் இருபது தாய்மாரும். எந்த மன்னனுக்கும் இப்படியொரு ஊர்வலம் நடந்திருக்காது. அதிகாரியின் மேசைமேல் சாய்த்தேன்.
"என்னய்யா இது?"
"இணைப்பு ஒண்ணு. நீங்க கேட்ட ஆதாரம்."
"எடுத்துட்டுப் போய்யா!"
"போறேன் சார். ஒருதடவ நீங்க இதுக்குப் பின்னாடி உக்காருங்க. நான் வெளிய புடிச்சுக்கறேன். பெல் அடிச்சா மட்டும் ஓடிடுவேன்."
யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவைத் தேடினார். 'உண்டு' அடிபட்டது. 'பயன்படுத்த இயலாது, உடனே சீர்செய்க.' கீழே அவர் கையெழுத்து. அதற்கும் கீழே, தவறு என்னுடையது என்று நானும் எழுதினேன்.
மாலையில் கதவைக் கம்பியால் கட்டித் திரும்ப மாட்டினேன்.

ஜூலை 13
சீர்செய்ய ஆள் வரவில்லை. அலுவலக வாசலில் சைக்கிளை நிறுத்தி, மணியை மட்டும் அடித்துவிட்டு வந்தேன். நாளையும் அடிப்பேன்.

ஜூலை 21
புது நிலை, புதுக் கதவு. உள்ளே போய்த் தாழ்ப்பாளை இருபது தடவை போட்டுப் பார்த்தேன். வெளியே டீச்சர் காவல்.

ஜூலை 24
சுண்டெலி பள்ளிக்குப் போனாள். மாலையில் பையை வீசிவிட்டு, "மாமா, தண்ணி!" என்றாள்.
பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை.